பிளட்ஹவுண்டின் மூக்கு மதுரை வெயிலில் என்ன செய்யும்?

உசிலம்பட்டி பக்கம் உங்கள் தென்னந்தோப்பில் கிணற்று மோட்டார் ஒயரை இரண்டாவது தடவையாக வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள், போலீஸ் மோப்ப நாய் வந்து தார் ரோடு வரைக்கும் ஓடி நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதையொட்டி இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மோப்பத்தில் அடித்துக்கொள்ள ஆளில்லை என்கிற பிளட்ஹவுண்ட் வந்திருந்தால் திருடனைக் காட்டியிருக்குமா? அந்த இனத்தில் ஒரு குட்டி வாங்கித் தோப்பில் விட்டால் காவலுக்கு ஆகுமா?

நான் மதுரையில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன், என்னிடம் வருவதில் பெரும்பாலும் நாய்கள்தான். இரண்டாவது கேள்விக்குச் சட்டென்று சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். இந்த நாயின் அருமை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

பெல்ஜியத்தின் தென்கிழக்கே ஆர்டென் என்றொரு காட்டுப் பிரதேசம் உண்டு. குளிரும் ஈரமும் பனிமூட்டமும் நெருங்கி வளர்ந்த மரங்களுமாக இருக்கும். அங்கே செயின்ட் ஹூபர்ட் மடத்துத் துறவிகள் வளர்த்த வேட்டை நாய்களின் வழியில் வந்ததுதான் பிளட்ஹவுண்ட் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். 727-ல் இறந்த ஹூபர்ட், ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் கும்பிடும் புனிதர். அந்த மடத்திலிருந்து வருஷா வருஷம் பிரான்ஸ் அரசருக்கு நாய்கள் காணிக்கையாகப் போனதாகவும் சொல்வார்கள். பிறகு இங்கிலாந்தில் மான் தடம் பிடிக்க வளர்த்தார்கள். காயம்பட்ட மானின் தடத்தில் விட்டால், நடுவில் வேறு பத்து மான் குறுக்கே போயிருந்தாலும் அந்த ஒரு மானை மட்டும் தொடர வேண்டும். அந்தக் குணத்தைப் பார்த்துப் பார்த்துப் பல நூற்றாண்டு இனம் சேர்த்திருக்கிறார்கள். மனிதரைத் தேடும் வேலைக்கு அது அப்படியே பொருந்திவிட்டது.

இங்கே நம்ம ஊர் நாய்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். திருமங்கலம் தாண்டிவிட்டால் கரிசல், பொட்டல், அங்கங்கே கருவேலம். முயல் ஒன்று எழுந்து ஓடினால் வெகு தூரத்துக்குக் கண்ணில் படும். சிப்பிப்பாறையும் கன்னியும் அந்த நிலத்தில் உருவானவை. ஒடுங்கிய இடுப்பு, ஆழமான நெஞ்சு, நீளக் கால், குட்டையான ரோமம் எல்லாமே கண்ணால் பார்த்ததைத் துரத்திப் பிடிக்கிற உடம்பு. ஆர்டென் காட்டிலோ பத்தடிக்கு அப்பால் மான் நின்றால்கூடத் தெரியாது. அங்கே கண்ணை நம்பினால் வேட்டை இல்லை, ஓட்டத்துக்கும் வேலை கம்மி. மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக நடக்கிற பொறுமைதான் வேண்டும். நிலமும் வெயிலும்தான் இரண்டு பக்கத்திலும் நாயைச் செய்திருக்கின்றன. பிளட்ஹவுண்டைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். இனி வருவதெல்லாம் அதன் விளக்கம்.

ஆண் நாய் தோள் வரைக்கும் 25 முதல் 27 அங்குலம், எடை 41 முதல் 50 கிலோ. பெண் நாய் கொஞ்சம் சிறிது. கறுப்பும் செம்பழுப்பும் கலந்த நிறம், ஈரல் நிறம், முழுச் சிவப்பு என்று மூன்று வகை. ஜல்லிக்கட்டுக் காளைக்குத் தொங்குமே அலைதாடி, அந்த மாதிரி கழுத்துத் தோல் தொங்கும். முகத்தோல் தலையைக் குனிந்தால் முன்னால் வழிந்து கண்ணையே மறைக்கும். காது தரையைத் தொடும். அந்தக் காது தரையைக் கூட்டி வாசனையை மூக்குக்குத் தள்ளுகிறது, முகச் சுருக்கம் வாசனையைப் பிடித்து வைக்கிறது என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். நான் அதற்குப் பெரிய முக்கியத்துவம் தருவதில்லை. மூக்கில் 30 கோடி மோப்ப உணர்விகள் என்று சொல்லும் கணக்கும் அப்படித்தான். எல்லா நாய்க்குமே மூக்கு மனிதரை ஒப்பிட எங்கோ உயரத்தில் இருக்கிறது. பிளட்ஹவுண்டைத் தனியாக நிறுத்துவது அதன் விடாப்பிடி. ஒரு வாசனையைக் கொடுத்துவிட்டால் சாப்பாடு, மற்ற நாய், கூப்பிடும் குரல் எதுவும் அதன் காதில் ஏறாது.

நாம் பாயில் விதி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த ராபர்ட் பாயில் 17-ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஒருவர் தன் வேலையாளை 4 மைல் தள்ளியிருந்த ஓர் ஊருக்கும், அங்கிருந்து 3 மைலில் இருந்த சந்தை ஊருக்கும் நடக்கச் சொன்னாராம். பின்னாலேயே விட்ட நாய், அந்த ஆளைக் கண்ணால் பார்க்காமலே, அதே வழியில் நடந்துகொண்டிருந்த சந்தைக் கூட்டத்தைப் பொருட்படுத்தாமல், கடைசியில் அவர் மாடியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த அறைக்கே போய்ச் சேர்ந்ததாம். அமெரிக்காவின் கென்டக்கியில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக் கார்ட்டர் என்று ஒரு பிளட்ஹவுண்ட் இருந்தது. 4 நாளுக்கு மேல் பழசான தடத்தைப் பிடித்தது, 600-க்கு மேற்பட்ட வழக்குகளில் தண்டனைக்கு உதவியது என்றெல்லாம் இன்றும் பேசுகிறார்கள். 1888-ல் லண்டனில் தொடர் கொலைகள் நடந்தபோது பார்னபி, பர்கோ என்ற இரண்டு பிளட்ஹவுண்டுகளைப் பூங்காவில் விட்டுப் பார்த்தார்கள். தரையில் உறைபனி படர்ந்திருந்த அதிகாலையில் ஏறக்குறைய ஒரு மைல் தூரம் ஆளைப் பின்தொடர்ந்தன. அந்த உறைபனியைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சரி, தரையில் அப்படி என்னதான் இருக்கிறது? நம் உடம்பிலிருந்து தோலின் நுண்ணிய துகள்கள் ஆயிரக்கணக்கில் எந்நேரமும் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றோடு வியர்வை, எண்ணெய்ப்பசை, பாக்டீரியா எல்லாம் சேர்ந்திருக்கும். அந்தப் பாக்டீரியா செய்கிற வேலையில்தான் ஆளுக்கு ஆள் மாறும் வாசனை ஆவியாக எழும்புகிறது. அதற்கு ஈரம் வேண்டும். புல், வாய்க்கால் ஓரம், மரநிழல், சருகு இவற்றில் துகள் தங்கும், வாசனையும் நிற்கும். உச்சி வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் ஒன்றும் தங்காது. வண்டி போகிற காற்றிலேயே துகள் இரண்டு பக்கமும் சிதறிவிடும், மிச்சத்தை வெயில் கொன்றுவிடும்.

நாய் மோப்பம் பிடிக்கிற விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நொடிக்கு 5 தடவை அளவில் சின்னச் சின்னதாக உறிஞ்சும். உள்ளே போகிற காற்றில் ஒரு பகுதி மட்டும் தனியாகப் பிரிந்து, மூக்கின் பின்புறம் இருக்கிற மோப்ப அறைக்குப் போகும். வெளியே விடும் மூச்சு மூக்குத் துவாரத்தின் பக்கவாட்டுக் கீறல் வழியாகப் போவதால், புதிதாக வரும் வாசனையைக் கலைக்காது. ஆனால் இதெல்லாம் வாயை மூடிக்கொண்டு உறிஞ்சினால்தான் சரியாக நடக்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் அது சூட்டைத் தணிக்க முடியும். இளைக்கும்போது மோப்பம் படுத்துவிடும். வெயில் நேரத்தில் நாய் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள மூச்சு விடுமா, நீங்கள் கேட்டதற்காக மோப்பம் பிடிக்குமா?

இந்த இரண்டையும் ஒரே நாயிடம் நான் பார்த்திருக்கிறேன். கொடைக்கானலில் ஓர் எஸ்டேட் வீட்டில் சுல்தான் என்று ஒரு பிளட்ஹவுண்ட் இருந்தது. நம் பக்கத்தில் அபூர்வமான இனம், அதனால் ஆசையோடு போய்ப் பார்த்தேன். வீட்டுக்காரர் காலையிலேயே தோட்டக்காரரை நடக்க அனுப்பிவிட்டார். சோலை ஓரம், ஓடை, பிறகு பைன் மரங்களுக்குள் எங்கேயாவது போய் உட்காரச் சொல்லியிருந்தார். ஒன்றரை, இரண்டு மணி நேரம் போயிருக்கும். மூட்டம் இறங்கியிருந்தது. அதுவரை திண்ணையில் தூங்கி வழிந்துகொண்டிருந்த நாய், நெஞ்சுவாரை மாட்டியதும் எழுந்து உடம்பை உதறியது. எச்சில் சுவர் வரைக்கும் தெறித்தது. தோட்டக்காரரின் துண்டை முகர்ந்தது, அவ்வளவுதான், தலை தரைக்குப் போய்விட்டது.

நான் எதிர்பார்த்தபடி அது பாதையிலேயே போகவில்லை. தோட்டக்காரர் நடந்த ஒற்றையடிப் பாதைக்குப் பத்தடி கீழே, சரிவில், புல்லுக்குள்ளேயே போனது. குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வாசனையும் அதோடு இறங்கி அங்கே தங்கியிருக்கிறது. ஓடைக்கு வந்ததும் தடுமாறியது. தலையைத் தூக்கியது, கரையோரம் ஒரு வட்டம் அடித்தது, மறுபடி வந்த இடத்துக்கே வந்தது. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை, கயிற்றைத் தளர்த்தி விட்டுவிட்டு நின்றார். இன்னொரு வட்டத்தில் அக்கரைப் பாசியில் தடம் கிடைத்துவிட்டது. அப்புறம் அது இழுத்த இழுப்பில் வீட்டுக்காரர் பாதி ஓடத்தான் வேண்டியிருந்தது. தோட்டக்காரர் ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தார். நாய் குரைக்கவில்லை, கடிக்கவில்லை. போய் அவர் மடியில் முகத்தை வைத்தது. அவர் வேட்டி நனைந்துபோய்விட்டது.

அதே சுல்தானை மே மாதக் கத்திரியில் காதில் சீழ் என்று மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். காரில் ஏசி இருந்தது, ஆனால் கிளினிக் வாசலில் இறங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நாக்கு முழுசாக வெளியே வந்துவிட்டது. எங்கள் கம்பவுண்டர் ஆசைப்பட்டார் என்று அவர் கைக்குட்டையைக் காட்டி, அவரை எதிர்ச்சாரி டீக்கடைக்குப் போகச் சொன்னார் வீட்டுக்காரர். முப்பதடி தூரம்கூட இல்லை. நாய் ரோட்டு விளிம்பு வரை வந்து, முகர முயன்று, திரும்பிப் புங்கமர நிழலில் படுத்துவிட்டது. உடம்புச் சூடு 104 டிகிரியைத் தொட்டிருந்தது. நாய்க்கு 101-லிருந்து 102.5 வரைதான் சரியான சூடு. உடனே வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர் ஊற்றி, ஃபேனுக்கு அடியில் போட்டு, அது தெளிந்த பிறகுதான் காதையே தொட்டேன். இந்த நாய் அன்றைக்குத் தோற்றுவிட்டது என்று நான் நினைக்கவே இல்லை. அதற்கு ஒத்துவராத இடத்தில் அதைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம்.

இனி உங்கள் தோப்புக்கு வருவோம். பேப்பரில் அடிக்கடி படிக்கிறோம்: மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. படிக்கிறவர்களுக்கு நாய் தோற்றுப்போனதாகத் தோன்றும். அப்படி இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், விடிந்து ஒயர் போனதைப் பார்த்ததும் அக்கம்பக்கத்தார் இருபது பேர் கிணற்றடியில் கூடிவிட்டார்கள், நாய் வரும்போது மணி பதினொன்று. திருடன் எதையும் விட்டுப் போகவில்லை, ஆகவே எந்த வாசனையைத் தேடுவது என்று நாய்க்குக் காட்டவும் ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் அது வரப்போரமாகத் தார் ரோட்டுக்குப் போய் நின்றது என்றால், பைக்கோ மினிவேனோ அங்கே நின்றிருக்க வாய்ப்பு அதிகம். ஆள் வண்டியில் ஏறிவிட்டால் தரையில் தடம் அறுந்துவிடும். அந்த இடத்திலிருந்து இரண்டு பக்கமும் எந்தக் கடையில், எந்தப் பெட்ரோல் பங்கில் கேமரா இருக்கிறது என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை. நாய் காட்டியது அந்த அளவுக்குப் பயனுள்ளது.

பிளட்ஹவுண்டாக இருந்தாலும் இதையேதான் செய்திருக்கும் என்பது என் கருத்து. நம் போலீசில் இருக்கும் லேப்ரடார், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டு எல்லாம் நல்ல மூக்குள்ள நாய்கள்தான், நம் வெயிலை இதைவிடத் தாங்கும், சொல் பேச்சும் கேட்கும். பிளட்ஹவுண்ட் உண்மையில் ஜெயிக்கிற இடம், குளிர்ந்த ஈரமான காட்டில் ஒரு நாள் இரண்டு நாள் முன்பு வழிதவறிப்போன ஒரு பெரியவரையோ குழந்தையையோ தேடுகிற வேலை. கொடைக்கானல் மலை, மேகமலை மாதிரி இடங்களில், அதற்கென்று பயிற்சி பெற்ற ஆளோடு, மழைக்காலத்தில் விட்டால் அந்த நாய் என்ன செய்யும் என்று நினைத்தாலே எனக்கு ஆசையாக இருக்கிறது.

கோர்ட் விஷயமும் உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்களில், தக்க பயிற்சி உள்ள நாய் என்று நிரூபித்தால், பிளட்ஹவுண்ட் காட்டிய தடத்தைச் சாட்சியமாக ஏற்பார்கள். நம் உச்ச நீதிமன்றம் 2001-ல் ஒரு வழக்கில், நாய் காட்டியதைப் போலீசார் விசாரணைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் சாட்சியமாக அதற்குப் பெரிய எடை தர முடியாது என்ற நிலையை எடுத்தது. நாயைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே. ஆகவே நாய் யார் வீட்டு வாசலில் போய் நின்றாலும், அவர்தான் திருடன் என்று ஊரில் பேச்சைக் கிளப்பிவிடாதீர்கள்.

காவலுக்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், இந்த நாய்க்கு மனிதர் மேல் கோபமே கிடையாது. திருடன் வந்தால் வாலாட்டும். தோப்பில் அவிழ்த்துவிட்டால் ஒரு கீரியின் வாசனையைப் பிடித்துக்கொண்டு தலை தூக்காமல் ரோட்டுக்குப் போய்விடும், நீங்கள் கூப்பிடுவது அதற்குக் கேட்காது. அதனால்தான் தெரிந்தவர்கள் இதை எப்போதும் கயிற்றில்தான் வைத்திருப்பார்கள். ஆயுளும் குறைவு, 7 வயதைத் தாண்டினாலே பெரிது. காற்றோட்டம் இல்லாத தொங்கு காதில் நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பூஞ்சையும் சீழும் மாறி மாறி வரும். கீழ் இமை தொங்குவதால் கண்ணில் தூசி, பீளை. தோல் மடிப்புகளைத் தினமும் துடைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது வயிறு உப்பித் திருகிக்கொள்வதை. ஆழமான நெஞ்சுள்ள பெரிய நாய்களுக்கு வரும், சில மணி நேரத்தில் அறுவை செய்யாவிட்டால் உயிர் போய்விடும். நடுராத்திரி உசிலம்பட்டியிலிருந்து நீங்கள் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள்?

இன்னொரு தடவை திருட்டு நடந்தால், யாரையும் கிணற்றடிக்குப் போக விடாதீர்கள், நீங்களும் தள்ளி நின்று பாருங்கள், அது போதும். திருடன் போட்டுவிட்டுப் போன துணியோ கையுறையோ சாக்கோ இருந்தால் கையால் தொடாமல் அப்படியே விட்டு, போலீசாரிடம் காட்டுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் நாய் வந்துசேர்கிற மாதிரி விடியற்காலையிலேயே தகவல் சொல்லுங்கள். ராத்திரி பனி இறங்கிய மண்ணில் காலை ஏழு மணிக்கு இருக்கிற தடம் பத்து மணிக்கு இருக்காது. ஒயரைத் தரைக்கு அடியில் குழாய்க்குள் கொண்டுபோக முடியுமா என்று உங்கள் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் பாருங்கள்.

தோப்புக்கு வேண்டியது குரைக்கிற நாய். கோம்பை நல்ல தேர்வு. தேனி மாவட்டத்துக் கோம்பையில் வளர்ந்த இனம், நம் வெயிலுக்குப் பழகியது, தன் எல்லைக்குள் அன்னியரை விடாது. ஆனால் சின்ன வயதிலிருந்தே வேலையாட்களோடும் பிள்ளைகளோடும் பழக்க வேண்டும். செலவு வேண்டாம் என்றால் நாட்டு நாய்க்குட்டி இரண்டு போதும், ஒன்று தூங்கினாலும் மற்றது குரைக்கும். எதுவானாலும் முயல் பிடிக்க மட்டும் கூட்டிப்போகாதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மோப்பத்தில்தான் உங்களுக்கு ஆசை என்றால் அந்தக் குட்டிக்கே சொல்லிக்கொடுக்கலாம். காலை ஆறு மணிக்கு, ஈரமாக இருக்கிற வாய்க்கால் ஓரத்தில் உங்கள் பையனை ஐம்பதடி நடந்து மறையச் சொல்லுங்கள். போகிற வழியில் அங்கங்கே கருவாட்டுத் துண்டு போடட்டும். கண்டுபிடித்ததும் கொஞ்சுங்கள். நாளாக ஆகத் தூரத்தைக் கூட்டி, கருவாட்டைக் குறைத்துவிடலாம்.

ராஜபாளையம் குட்டிதான் வேண்டும் என்று வீட்டில் சொன்னால், பணம் கொடுக்கும் முன் காதைச் சோதித்துவிடுங்கள். அந்த வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடு சேர்ந்து வருவது உண்டு. மற்ற குட்டிகளைத் தள்ளி வைத்துவிட்டு, அதன் கண்ணுக்குப் படாமல் பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டுங்கள். தரையில் தட்டாதீர்கள், அதிர்வில் திரும்பிவிடும். இரண்டு மூன்று தடவை தட்டியும் தலை திரும்பவில்லை என்றால் அந்தக் குட்டி காவலுக்கு ஆகாது, வேறு பாருங்கள்.